சீட்டாட்டத்தோடு போனது

ஜூலை 6, சனி

டீச்சர், முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட நோட்டுதான் வாங்கினேன். எழுத்துதான் கோட்டின் மேல் நிற்க மறுக்கிறது. ‘ழ’ போட்டால் வால் கீழ்வரிக்கு இறங்கிவிடுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் விரல் வியர்த்துப் பேனா வழுக்குகிறது. நாற்பத்தாறு வருடம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய கை இது. நூறு கிலோ வெங்காய மூட்டைக்கு நடுங்காத கை, இந்தப் பேனாவுக்கு நடுங்குகிறது.

தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும், சனிக்கிழமை தோறும் நோட்டைக் காட்ட வேண்டும் என்று ஜெஸிந்தா டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். என் பெயர் வீரணன். வயது அறுபத்தொன்பது. சுமைதூக்குவோர் சங்கக் கட்டடத்தின் சாவி என்னிடம் இருக்கிறது. காலையில் திறப்பேன், பெருக்குவேன். மாடியில் முதியோர் வகுப்பு. அங்கேயே மூன்று கம்ப்யூட்டர்களும் இருக்கின்றன. யாரோ பழசு என்று கழித்துவிட்டவை. செல்போன் கடை வைத்திருக்கும் ஷாஜகான் தம்பி அவற்றில் லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டு, எல்லாம் தமிழில் தெரியும்படி செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இன்று வகுப்பில் டீச்சர் திரையில் ஒரு வாக்கியம் காட்டினார். அதை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும். ‘மாடு புல் தின்றது.’ ஒரு விரலால் தேடித் தேடி அடித்தேன். பிழையில்லை. டீச்சர் கை தட்டினார். வீட்டுக்கு வந்து செல்லாயியிடம் சொன்னேன். “மாடு புல்லுதான் திங்கும், அதுக்கென்ன இப்போ?” என்றாள் என் மனைவி.

ஜூலை 8, திங்கள்

பஸ்ஸின் போர்டைப் படித்தேன். எண்ணெய் டப்பாவைப் படித்தேன். கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியைப் படித்து, செத்தவர் எனக்குத் தெரிந்தவர் என்று கண்டுபிடித்தேன். மூன்று மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மாலையில் மனதுக்குக் கஷ்டமான ஒன்று. இந்திராணி என்று ஒரு பெண் மாடிக்கு வரும். இருபத்தேழு வயது. பிறவியிலேயே கண் தெரியாது. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் மட்டும் பேசும். அடிக்கிற எழுத்தை எல்லாம் சத்தமாகச் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெண் தட்டச்சு பழகுகிறது. திண்டுக்கல்லில் ஒரு பஸ் கம்பெனியில் போனில் டிக்கெட் பதிவு செய்யும் வேலைக்கு இந்த மாதம் 26ஆம் தேதி பரீட்சை. நிமிடத்துக்கு முப்பது வார்த்தை அடித்தால் வேலை உறுதி.

ஆனால் மாலையானால், மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வரும் சடையாண்டி கூட்டம் அதே கம்ப்யூட்டரில் சீட்டாட உட்கார்ந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் ஆட்டம் ஓடாது. இன்று முக்கால் மணி நேரம் இந்திராணி குச்சியை ஊன்றிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றது.

“டேய், அந்தப் புள்ளைக்கு எடத்த விடுங்கடா” என்றேன்.

“இந்தா முடிஞ்சிருச்சு பெருசு. நீதான் படிப்பாளி ஆயிட்டியே, வந்து இந்த ராணி எங்க ஒளிஞ்சிருக்கானு படிச்சுச் சொல்லு” என்றான் சடையாண்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

“பரவாயில்ல தாத்தா, நான் நிக்கிறேன்” என்றது இந்திராணி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் தூறல். மாடியைத் திறந்தேன். பெருக்கினேன். பூட்டினேன். வேறு விசேஷம் இல்லை.

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் ஓடவில்லையாம்.

ஜூலை 10, புதன்

சங்கச் செயலாளர் கருப்பணன் மாடிக்கு வந்தார். மூன்றாம் நம்பரைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி வருகிறது. வேறெதுவும் வரவில்லை. ஷாஜகான் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஞாயித்துக்கெழம வந்து என்னமோ புதுசு பண்றேன்னு கை வெச்சல்ல? செவ்வாக்கெழம படுத்துருச்சு.”

“அது சும்மா அப்டேட்டுண்ணே. ஒருக்கா பாக்க விடுங்க, என்னனு சொல்றேன்.”

“பாத்ததெல்லாம் போதும். ஓசியில வேல செய்யுறவன்கிட்ட குடுத்தா இப்பிடித்தான் ஆகும். திண்டுக்கல்லு கடைக்கு அனுப்பிக்கிறேன். நீ இனிமே தொடாத.”

இந்திராணியும் அங்கே இருந்தது. “அண்ணே, பரீட்சைக்குப் பதினாறு நாளுதான் இருக்கு. நல்லா ஓடிட்டிருந்ததப் போயி ஏண்ணே நோண்டுனீங்க?” என்று கேட்டது. ஷாஜகான் தம்பி படி இறங்கிப் போனார்.

நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றேன்.

ஜூலை 11, வியாழன்

ஏன் சாப்பிடவில்லை என்று செல்லாயி கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

ஜூலை 13, சனி

டீச்சர் நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். பொய். சட்டைக்கு உள்ளே பனியனில் செருகி வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள், “என்னண்ணே, வயிறு சதுரமா இருக்கு?” என்று கேட்டுவிட்டது. நல்லவேளை, டீச்சர் காதில் விழவில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததை இப்போது எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது போலிருக்கிறது.

அன்று காலை ஆறரை மணிக்கு மாடியைத் திறந்து மூன்றாம் நம்பரைப் போட்டேன். சீட்டாட்டத்தை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். ஆட்டம் இல்லாவிட்டால் சடையாண்டி கூட்டம் தானாக எழுந்துவிடும், இந்திராணி உட்காரும். வேண்டாததை ஷாஜகான் தம்பி நீக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கடவுச்சொல்லை ஓர் அட்டையில் எழுதித் திரைக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். இரண்டு வருடமாக அந்த அட்டையைத் தூசி தட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். ‘சீட்டு விளையாட்டு’ இருந்தது. பக்கத்தில் ‘நீக்கு’ என்று ஒரு பொத்தான். அமுக்கினேன். ஒரு பெட்டி வந்தது. இதை நீக்கினால் இவையும் நீக்கப்படும் என்று சொல்லி நீளமாக ஒரு பட்டியல் போட்டது. பட்டியலைப் பார்த்தேன். அதற்குக் கீழே எச்சரிக்கை என்று சிவப்பில் ஏதோ இருந்தது. அதற்கும் கீழே, ‘தொடர வேண்டுமானால் கீழ்க்காணும் வாக்கியத்தை அப்படியே தட்டச்சு செய்யவும்’ என்று இருந்தது.

ஆம், நான் சொல்வதைச் செய்.

இதுதான் வாக்கியம்.

டீச்சர், அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! வகுப்பில் நீங்கள் கொடுப்பது போலவே ஒரு வாக்கியம். அப்படியே எழுதச் சொல்லும் வாக்கியம். பட்டியலும் சிவப்பு எழுத்தும் எல்லாம் என் கண்ணிலிருந்து போய்விட்டன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். முதல் தடவை ஒற்று விட்டுப்போய் அது ஏற்கவில்லை. இரண்டாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. பத்து நிமிடம் ஆகியிருக்கும். பெரிய பொத்தானை அமுக்கினேன்.

ஏற்றுக்கொண்டது. நான் எழுதியதற்கு ஒரு மிசின் கட்டுப்பட்டது. என் வாழ்க்கையில் நான் எழுதி ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை. திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. பெயர்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு பெயரா என்று நினைத்தேன். சட்டென்று படங்கள் எல்லாம் போய், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து இரண்டு வரி நின்றது.

அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இரண்டு வரி. அணைத்தேன். விசைப்பலகையைத் துணியால் துடைத்தேன். அதை எதற்குத் துடைத்தேன் என்று எனக்குத் தெரியும். கதவைப் பூட்டிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

ஜூலை 15, திங்கள்

இந்திராணி இன்றும் வந்தது. செத்துப்போன மூன்றாம் நம்பரின் விசைப்பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அடித்துப் பழகியது. சத்தமே இல்லை, டக் டக் என்ற ஒலி மட்டும்.

“தாத்தா, நீங்களா? இங்க உக்காருங்க. நான் அடிக்க அடிக்க என்ன எழுத்துனு சொல்லுங்க. தப்பா அடிச்சா எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்துச் சொன்னேன். ‘த’. ‘க’. ‘ம’. என் கண் ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் அந்த விரல் நாலு எழுத்து தாண்டிவிடும். அது எனக்காக மெதுவாக அடித்தது. வேகம் பழக வந்த பெண், எனக்காக மெதுவாக அடித்தது.

“நீங்க எழுத்துக் கத்துக்கிட்டது எனக்குல்ல உதவுது தாத்தா” என்று சிரித்தது.

பெருக்கும் வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். பெருக்கி முடித்த இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

ஜூலை 17, புதன்

மூன்றாம் நம்பர் வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லுக்குப் போகிறதாம். திரும்பிவரப் பதினைந்து நாள் ஆகும் என்று செயலாளர் சொன்னார். பரீட்சை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

நேராக ஷாஜகான் தம்பியின் கடைக்குப் போனேன்.

“வாங்கய்யா. போன் ரிப்பேரா?”

“போன் நல்லாத்தான் இருக்கு தம்பி. கம்ப்யூட்டர ரிப்பேராக்குனவன் வந்திருக்கேன்.”

கையிலிருந்த சின்னத் திருப்புளியைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாக்கியத்தையும் சொன்னேன். முதலில் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு வாரம் ஆச்சேய்யா. அந்தப் புள்ள எங்கிட்டப் பேசுறதே இல்ல. நானும் ராத்திரியெல்லாம் என்ன தப்புப் பண்ணோம்னு யோசிச்சிக்கிட்டுக் கெடக்கேன்.”

“தப்புத்தான் தம்பி.”

“அதுக்கில்ல. அன்னைக்கே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலைய்யா இது.”

ஓர் ஆட்டத்தை எடுத்ததற்கு எல்லாமே எப்படிப் போகும் என்று கேட்டேன். அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“அந்த ஆட்டம் தனியா வரலய்யா. ஒரே கட்டா வந்தது. படம் காட்டுறது, பேசுறது, சீட்டு, எல்லாம் ஒரு கட்டு. அந்தக் கட்டத்தான் நான் பேர் சொல்லிக் கேட்டு வாங்குனேன். உள்ள இருக்குறதெல்லாம் அதுக்குத் தொணையா வந்தது. அதுல ஒண்ண உருவுனா, கட்டே அவுந்துபோச்சுனு கணக்கு வெச்சுக்கிரும். அப்புறம், இதெல்லாம் யாரு கேட்டு வந்ததுனு பாக்கும். யாரும் பேர் சொல்லிக் கேக்கலையா? அப்ப வேண்டாததுனு வெளிய தூக்கிப் போட்ரும்.”

லாரியில் ஏற்றிய லோடு மாதிரிதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மூட்டையை உருவினால் என்ன ஆகும் என்று நாற்பத்தாறு வருடம் தெரிந்து வைத்திருந்தேன். எந்த லோடிலும் கயிற்றைப் பார்க்காமல் நான் கை வைத்தது கிடையாது.

ஜூலை 18, வியாழன்

காலை ஆறு மணிக்கு, செயலாளர் வருவதற்கு முன், நான் கதவைத் திறந்துவிட ஷாஜகான் தம்பி உள்ளே வந்தார். கறுப்புத் திரையில் ஏதோ அடித்தார். வரி வரியாக வந்தது.

“இங்க பாருங்கய்யா. என்னென்ன போட்டோம், என்னென்ன எடுத்தோம்னு இது தானா எழுதி வெச்சிக்கிரும்.”

தேதி எனக்குப் படிக்க வந்தது. ஜூலை 9. நேரம் 6.42. அதன் கீழே நீக்கியவற்றின் பெயர்கள், ஒன்று விடாமல். மிசினும் நாட்குறிப்பு எழுதுகிறது. அதே தேதியில் நானும் எழுதியிருக்கிறேன். தூறல் என்று எழுதியிருக்கிறேன். அது தூறலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அந்தக் கட்டை மறுபடி வரவழைத்தார். முக்கால் மணி நேரத்தில் படங்கள் வந்தன. குரலும் வந்தது. சீட்டாட்டமும் கூடவே வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது.

“இதை என்ன தம்பி செய்றது?”

“ஆட்டத்த எடுக்க வேணாம்யா. ஆடுறவன எந்திரிக்கச் சொன்னாப் போதும்” என்றார். கடவுச்சொல் எழுதிய அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு சொன்னார்: “இத யாருகிட்டயும் சொல்ல வேணாம். கருப்பணன் அண்ணன் ஒங்ககிட்ட இருந்து சாவியப் புடுங்கிருவாரு. வயரு லூசா இருந்துச்சுனு சொல்லிக்குவோம்.”

“அப்ப ஒங்க பேரு என்னாகும் தம்பி?”

“அது கெட்டு ஒரு வாரம் ஆச்சு. இன்னும் என்னத்தக் கெடப்போகுது?”

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன்.

மாலையில் இந்திராணி வந்து விசையைத் தொட்டதும் மிசின் ‘த’ என்றது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சடையாண்டி கூட்டம் வந்தது. படி மேலேயே மறித்து நின்றேன். “ஏழு மணி வரைக்கும் ஒருத்தன் உள்ள வரக் கூடாது” என்றேன். “அடேயப்பா, பெருசு இன்னைக்கி மொளகா தின்னிருக்கு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள். அவ்வளவுதான் வேலை. இதை 8ஆம் தேதியே செய்திருக்கலாம்.

ஜூலை 20, சனி

நோட்டு எங்கே என்று டீச்சர் கேட்டார். மை கொட்டிவிட்டது, காய்கிறது என்றேன்.

வயர் லூஸாக இருந்தது, நான்தான் சொருகினேன் என்றதும் செயலாளர் கம்ப்யூட்டரைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பவில்லை. ஆனால் ஷாஜகான் தம்பியை இன்னும் மாடியில் ஏற விடவில்லை. “வயர லூசா விட்டுட்டுப் போனதும் அவன்தான?” என்கிறார்.

ஜூலை 22, திங்கள்

கண்ணில்லாத பெண் தனியாக எப்படித் திண்டுக்கல் போகும் என்று டீச்சர் கவலைப்பட்டார். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். உங்களுக்குப் பெரிய மனசு அய்யா என்றார்.

ஜூலை 26, வெள்ளி

பஸ்ஸில் போனோம். அலுவலகத்தின் பெயர்ப்பலகையைப் படித்துச் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டேன். வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தாறு வார்த்தை. நாலு குறைந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. இந்திராணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தது.

“விடுங்க தாத்தா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி வைக்கிறாங்களாம். போன மாசமே எனக்கு இருபத்தெட்டு வந்துச்சு. நடுவுல ஒம்போது நாளு விட்டுப்போச்சுல்ல, வெரலு மறந்துபோச்சு.” பிறகு, “நீங்களாவது கூட வந்தீங்க” என்றது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். சீட்டாட்டத்திலிருந்து ஆரம்பித்து, வயர் லூஸ் என்று சொன்ன பொய் வரைக்கும். உனக்காகத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தேன். அதைச் சொல்லும்போதே அது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது.

இந்திராணி முகத்தைத் திருப்பிக்கொண்டது. பஸ் டோல்கேட்டைத் தாண்டியது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டது.

“அந்தப் பட்டியல்ல ‘திரை வாசிப்பான்’னு ஒண்ணு இருந்திருக்குமே. எனக்குப் பேசுறது அதுதான். அதப் படிச்சீங்களா?”

13ஆம் தேதி எழுதும்போது பட்டியலைப் பார்த்தேன் என்றுதான் எழுதினேன். பார்க்கவில்லை, படித்தேன். நாலாவது வரி. தி, ரை, வா, சிப், பான். ‘திரை’யும் தெரியும், ‘வாசி’ப்பதும் தெரியும். எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்துவிட்டேன் என்று மகிழ்ந்து அடுத்த வரிக்குப் போனேன். என்ன படித்தேன் என்று ஒரு நொடி நின்று யோசிக்கவில்லை.

போன வருடம் என்றால், எனக்குப் படிக்கத் தெரியாது தாயி என்று சொல்லியிருப்பேன். அறுபத்தெட்டு வருடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனையோ இடத்தில் தப்பித்திருக்கிறேன். எல்லோரும் பாவம் என்று விட்டுவிடுவார்கள். இனிமேல் அந்த வார்த்தை எனக்கு இல்லை.

“படிச்சேன் தாயி” என்றேன்.

“ம்” என்றது. குச்சியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “ஷாஜகான் அண்ணன நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன். அவரு வாயத் தொறக்கல. நீங்களும் அங்கதான் நின்னீங்க, தொடப்பம் சாத்துன சத்தம் கேட்டுச்சு” என்றது.

“ஆமா தாயி.”

“எங்கிட்ட மட்டும் சொன்னா அது ரகசியம் தாத்தா. எனக்கு ஒங்க ரகசியம் வேணாம். அவரு பேர எல்லார் முன்னாடியுந்தான் கெடுத்தாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

ஊர் வந்ததும் நான் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. குச்சியை ஊன்றித் தானே இறங்கிப் போனது.

ஜூலை 27, சனி

டீச்சர், இந்த நோட்டை இன்று உங்களிடம் கொடுக்கிறேன். மை கொட்டவில்லை. வீட்டிலும் மறக்கவில்லை. 9ஆம் தேதிக்கு எழுதியதை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். இருநூறு பேர் வருவார்கள். சடையாண்டி முன்வரிசையில் உட்காருவான். சாவி போய்விடும் என்று நினைக்கிறேன். போனால் காலையில் மாடிக்கு வர எனக்குக் காரணம் இருக்காது. அதுவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுந்து நின்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.

படித்துவிட்டு இன்றே திருப்பிக் கொடுங்கள்; என்ன நடந்தது என்று இதிலேயே அடுத்த வாரம் எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை நீங்கள் நோட்டைத் திறக்கும்போது இதற்கு அடுத்த பக்கம் காலியாக இருந்தால், நான் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எழுத நேரமில்லை, கை வலி என்று நான் ஏதாவது சொல்வேன். கேட்காதீர்கள். இதுவரை எழுதியதை வகுப்பில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிடுங்கள்.